வேலைக்குப் போன ஓவியர்கள்

சென்னையில் ஒரு தனியார் ஓவியக் கேலரியில் வேலை பார்க்கிறேன். எந்த ஓவியரின் படங்களைக் காட்டுவது என்று தீர்மானிப்பவள் நான் இல்லை. வந்து இறங்கும் படத்தைப் பிரித்து அதன் நிலையை எழுதி வைப்பது, எந்தச் சுவரில் மாட்டலாம் என்று தச்சரோடும் எலக்ட்ரீஷியனோடும் பேசி முடிவு செய்வது, பக்கத்தில் ஒட்டும் குறிப்பு அட்டையை எழுதுவது, கண்காட்சி முடிந்ததும் மறுபடி கட்டி அனுப்புவது ஆகியவைதான் என் வேலை. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வர வேண்டும் என்பது எங்கள் துறையின் பொது வழக்கம். அதற்காக நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பல நாள் பொழுது போய்விடும்.

எங்களுக்கு வரும் ஓவியர் அறிமுகக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்கும். நினைவுகள், நகர வாழ்க்கை, பண்பாடு ஆகியவற்றிலிருந்து உந்துதல் பெற்றவர் என்று. இந்த வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். நகரத்தில் எல்லோரும்தான் இருக்கிறோம். சிலர் கைக்கு மட்டும் அது எப்படி வசப்படுகிறது? இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்திய நகரத்தை நன்றாக வரைந்தவர்களில் பலர், காலையில் எழுந்து வேறொரு வேலைக்குப் போனவர்கள்.

ஓவியர் சுதீர் பட்வர்தன் 1975 முதல் 2005 வரை மும்பையை ஒட்டிய தானேயில் ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் டாக்டர். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் எலும்பையும் நுரையீரலையும் படித்த கண்கள் அவருடையவை. அவர் வரைந்த மனிதர்களின் தோள் ஏன் அப்படிக் கனத்துத் தொங்குகிறது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1977-இல் வரைந்த ‘இரானி ரெஸ்டாரன்ட்’ படத்தில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த உடம்பு ஒரு ஷிஃப்டு முடித்து வந்த உடம்பு. 2001-இல் வந்த ‘லோயர் பரேல்’ படத்தில் மும்பையின் ஆலைப் பகுதி முழுவதும் விரிகிறது. 1982-இல் அந்த நகரில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆலைகள் அதற்குப் பிறகு எழவே இல்லை. அந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்த காலத்தில், புகைபோக்கி, பாலம், நடந்துபோகும் ஜனம் எல்லாவற்றையும் ஒரே துணியில் அவர் நிறுத்தி வைத்தார். போய்விட்ட காலத்துக்காக ஏங்கி அழும் படம் அல்ல அது. மாறிக்கொண்டிருந்ததை, மாறும்போதே குறித்து வைத்த படம்.

பூபேன் கக்கர் பட்டயக் கணக்காளர். பரோடாவில் ஓவியராக வளர்ந்த பிறகும் பல ஆண்டுகள் கணக்கு வேலையை விடவில்லை. 1972-இல் அவர் வரைந்த ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. கைக்கடிகாரக் கடைக்காரர், முடிதிருத்துபவர், தையல்காரர் என்று, அதுவரை நவீன ஓவியம் ஏறெடுத்துப் பார்க்காத ஆட்களைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தார். மும்பை சென்ட்ரலில் கிளினிக் நடத்திய டாக்டர் கீவ் படேல், மும்பைத் தெரு ஒன்றை ‘ஆஃப் லேமிங்டன் ரோடு’ என்ற படமாக வரைந்தார். எம்.எஃப். ஹுசைன் 1930-களில் பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சினிமா பேனர் என்றதும் எங்கள் கேலரியில் சுவருக்கு வெள்ளையடிக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்பு பழைய ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, புதுச் சுவர் போல ஆக்கித் தருபவர் அவர்தான். ஒரு காலத்தில் அண்ணா சாலை பேனர்களில் கை வைத்தவர். சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய பலகையிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை வளர்த்தெடுக்கும் வேலை. கண் மட்டுமே ஆள் உயரத்துக்கு வரும். பக்கத்தில் நின்று வரையும்போது வெறும் நிறத் திட்டுதான் தெரியும். தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்றால்தான் முகம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். இவர் பெயின்டர் ஆனார்.

ஒருமுறை சென்னைத் தெருக்களைக் கரிக்கோலில் வரைந்த ஓர் இளைஞரின் படங்கள் வந்திருந்தன. பாதி மாட்டியிருந்தோம். அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“ஏம்மா, இவரு தண்ணி ஏறின தெருவுல குடியிருந்தவரா?” என்றார்.

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“ஷட்டருக்குக் கீழ பாருங்க, ரெண்டு கறை இருக்கு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. போட்டோ பார்த்து வரையறவங்க ஒரு கறை போட்டுட்டுப் போயிடுவாங்க.”

அந்த இளைஞரிடம் கேட்டேன். 2015 வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. விமர்சனம் எழுதியவர்கள் அந்தப் படங்களின் மௌனத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். கறையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அண்ணன் சொன்னதுதான் நான் கேட்டவற்றில் சிறந்த விமர்சனம் என்று இன்றும் நினைக்கிறேன்.

படத்தின் பின்பக்கத்தை எல்லோரும் பார்ப்பதில்லை. என் வேலையில் அதுதான் முதலில். கேன்வாஸின் முதுகில் தேதி இருக்கும், அழித்து எழுதிய தலைப்பு இருக்கும், ஃப்ரேம் போட்ட கடையின் சீட்டு இருக்கும், சில சமயம் மளிகைக் கணக்கும் இருக்கும். சென்னையின் ஈரக்காற்றுக்குக் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். துணி தளர்ந்து தொய்யும். பூஞ்சை முதலில் பின்பக்கம்தான் பிடிக்கும். இதையெல்லாம் எங்கள் படிவத்தில் அங்குலக் கணக்கோடு குறிப்போம்.

ஆனால் அந்தப் படிவத்துக்குள் அடங்காத படைப்புகளும் உண்டு. 2014-இல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயில் பெனிதா பெர்சியலின் சிற்பங்களைப் பார்த்தேன். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் படித்தவர். சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருள்கள், மரப்பட்டைத் தூள் இவற்றைக் கொண்டு வேதாகம உருவங்களைச் செய்திருந்தார். மிளகும் பட்டையும் கப்பலேறிய துறைமுகத்தில், அதே பொருள்களால் ஆன உடல்கள். உள்ளே நுழையும் முன்பே வாசனை வந்துவிட்டது. அந்த வாசனை குறைந்தால் அதைச் சேதம் என்று எழுதுவதா, வயது என்று எழுதுவதா? ஊர் திரும்பியும் அது என்னை விடவில்லை. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டும்.

படம் மாட்டுகிறவள் என்பதால் மும்பை ஓவியர் அதுல் தோடியாவின் ஷட்டர் ஓவியங்கள் மேல் எனக்குத் தனிப் பற்று. கடைகளில் போடும் அதே உருளும் தகர ஷட்டர்தான். மேலே ஒரு படம். தூக்கினால் உள்ளே இன்னொன்று. ‘மகாலக்ஷ்மி’யில் வெளியே தேவி, உள்ளே வரதட்சிணைப் பிரச்சினையால் தூக்கிட்டுக்கொண்ட சகோதரிகள். கலவரத்தின்போது மும்பை கேட்ட சத்தம் ஷட்டர் இறங்கும் சத்தம். அதைக் கேட்ட ஊர்க்காரர் ஒருவரால்தான் அதையே கேன்வாஸாக்க முடிந்திருக்கிறது. அந்தப் படத்தைத் திறந்து மூடிக் காட்ட ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். கண்காட்சிக்கூட ஊழியரின் கையும் அந்தப் படைப்பில் ஒரு பகுதி என்பதில் எனக்குச் சந்தோஷம்.

அச்சோவியக் கலைஞர் ஜரீனா ஹாஷ்மியின் ‘ஹோம் இஸ் எ ஃபாரின் பிளேஸ்’ 1999-இல் வந்தது. மொத்தம் 36 மரச்செதுக்கு அச்சுகள். அலிகாரில் பிறந்து கணிதம் படித்தவர்; குடும்பம் கராச்சிக்குப் போய்விட்டது; அவர் ஊர் ஊராக வாழ்ந்தார். வாசல், முற்றம், கதவு என்று விட்டுவந்த வீட்டைக் கோடுகளாகவே மறுபடி கட்டினார். நினைவு என்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓர் அளவுகோலோடு நினைத்திருக்கிறார்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைவதற்கு நம் ஊரிலும் முன்னோடிகள் உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில்தான் தங்கள் படங்களை வரைந்தார்கள். ஓவியத்தை மட்டும் நம்பி உயிர்வாழ முடியாது என்ற நிலைமையை மறைக்காமல், அதையே அடித்தளமாக்கி நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்ட ஊர் அது.

அதனால்தான் குறிப்பு அட்டையில் ஒரு வரி கூட்ட வேண்டும் என்று கேட்டேன். இப்போது பெயர், பிறந்த ஆண்டு, தலைப்பு, ஊடகம், அளவு ஆகியவை மட்டும் போடுகிறோம். ஓவியர் என்ன வேலை செய்கிறார், செய்தார் என்பதையும் போடலாமே என்றேன். “படத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் பொறுப்பாளர். வாங்க வருபவர்கள் முழுநேர ஓவியரைத்தான் மதிப்பார்கள் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான். வாடகையும் சம்பளமும் விற்பனையிலிருந்துதான் வருகிறது. பட்வர்தனின் எக்ஸ்ரே அறையைப் பற்றிச் சொன்னேன். அடுத்த கண்காட்சியில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த கண்காட்சி ஒரு பள்ளி ஆசிரியையுடையது. பேருந்துப் பயணிகளின் தூங்கும் முகங்களை, பழைய வருகைப்பதிவேட்டுத் தாள்களின் மேல் மையால் வரைந்திருக்கிறார். முகத்துக்குப் பின்னால் மாணவர்களின் வரிசை எண்கள் தெரிகின்றன. தொழில் என்ற இடத்தை அவர் காலியாக விட்டிருந்ததால் போன் செய்தேன்.

“டிராயிங் டீச்சர்னு போட்டா விலை குறைஞ்சிடாதுங்களா மேடம்?” என்று கேட்டார்.

“நீங்க டீச்சரா இல்லாட்டி இந்தத் தாள் உங்க கைக்கு வந்திருக்காதே, டீச்சர்” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிக்குப் போகும் பஸ் தடத்தின் எண்ணையும் சேர்த்துப் போடச் சொன்னார். போட்டிருக்கிறோம்.