இரண்டிலிருந்து தொடங்கிய சுற்று

“கவுண்டர் ரெண்டுல இருந்து ஆரம்பிக்குதே, தம்பி” என்று அண்ணன் சொன்னது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயர் கடை வாசலில். சொன்ன கையோடு செம்பு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நானும் “ஆமாங்கண்ணா” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆமாம் சொன்னேன் என்பது இரவு வீட்டில் என் யூடியூப் சேனலில் இருக்கும் மோட்டார் காணொளியைத் திறந்து பார்க்கும் வரை எனக்கே தெரியாது.

நான் இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பயிற்றுநர். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் இந்த அண்ணனின் பட்டறையில் அவரிடம் காயில் கட்ட, அதாவது மோட்டாருக்குள் வைக்கும் கம்பிச் சுருளைச் சுற்றிப் பொருத்த, கற்றேன். முதல் ஓராண்டு முழுவதும் மோட்டாரின் உள்ளே காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் வைக்கும் இன்சுலேஷன் பேப்பரை வெட்டுவது மட்டும்தான் என் வேலை. சுற்று மெஷினில் அவர் உட்கார்ந்துவிட்டால் பட்டறையில் ரேடியோ நின்றுவிடும். அவசரமாக வந்த வாடிக்கையாளர்கூட அந்தக் காயில் முடியும் வரை வாசலில்தான் நிற்க வேண்டும். சுற்றை எண்ணிக் காட்டும் கவுண்டர் மெஷினிலேயே இருக்கும்போது வாயை ஏன் மூட வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

காணொளியில் நான் செய்வதெல்லாம் சுற்றிக்கொண்டே பேசுவதுதான். பேசாமல் சுற்றினால் யார் பார்ப்பார்கள்?

அந்தக் காணொளி, பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியதைப் பற்றியது. 5 ஹெச்பி, மும்முனை, இரண்டு காந்தத் துருவம் (போல்), 24 ஸ்லாட். காயில் 12, ஒவ்வொன்றுக்கும் 60 சுற்று. விடுமுறை நாள்களில் அறிந்தவர்களுக்கு மட்டும் வீட்டிலேயே செய்து கொடுப்பது வழக்கம். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் இருக்கிறது. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போது ஒலிப்பதிவு நடக்காது. மின்சாரம் போய்த் தறி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஆகவே தறிக்காரர் படுக்கப்போன பிறகுதான் என் படப்பிடிப்பு தொடங்கும். அன்றும் அப்படித்தான். ஐந்தாவது காயிலுக்குக் கைப்பிடியை இரண்டு முறை சுற்றியபோது ஸ்டாண்டில் இருந்த போன் சரிந்தது. நிறுத்தினேன். சுற்றிய இரண்டையும் அவிழ்த்துக் கம்பியை மறுபடி கட்டினேன், போனை நிமிர்த்தினேன், விட்ட வாக்கியத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் இருந்து சொன்னேன். கவுண்டரை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. திரையின் வலது மூலையில், சிறிய கறுப்புச் சக்கரத்தில் வெள்ளை எழுத்தாக ‘2’ தெளிவாக நிற்கிறது. அதன் பிறகு ஓடத் தொடங்கி 60-இல் நிற்கிறது. அதாவது அந்தக் காயிலில் இருப்பது 58 சுற்று.

இருபத்திரண்டு நிமிடக் காணொளி அது. அதைப் பார்க்க வருபவர்கள் சராசரியாக நான்கு நிமிடத்தில் போய்விடுகிறார்கள் என்பதை சேனல் நடத்துபவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோவே கோடு போட்டுக் காட்டுகிறது. அந்த ‘2’ தெரிவது ஒன்பதாவது நிமிடத்தில்.

அன்று இரவே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனைக்கு நான்கு காயில், 240 சுற்று. என் தவறு விழுந்த முனையில் 238. வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுற்று குறைந்தால் காந்தப்புலம் கூடும், சுமையில்லாத வெறும் ஓட்டத்தில் இழுக்கும் ஆம்பியரும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கிராமத்து லைனில் மூன்று முனைகளின் வோல்டேஜ் தமக்குள் வேறுபடும் அளவுக்கு முன்னால் இந்த இரண்டு சுற்று ஒன்றுமே இல்லை. மோட்டார் இரண்டாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. காணொளியைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கும் கேடில்லை. நான் வாயால் சொன்ன எண் 60, அவர்கள் சுற்றப்போவதும் 60.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றும் அதை எவர் முன்னாலும் போட்டுக் காட்டுவேன். ஆனால் காணொளியின் கடைசிப் பகுதியில் ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரைக் கவ்வவைத்து மூன்று லைனையும் அளந்து காட்டுகிறேன்: 3.1, 3.1, 3.0. மூன்று முனைகளையும் முக்கோணமாகக் கோக்கும் டெல்டா இணைப்பில் ஒரு முனை மட்டும் கூடுதலாக இழுத்தால் இரண்டு லைனில்தான் அது தெரியும். இரண்டு சுற்றுக் குறைவு மட்டுமே 0.1 ஆம்பியரைக் கூட்டிவிடாது, டெஸ்டரின் கடைசி இலக்கம் தானாகவே தாவக்கூடியது என்பதெல்லாம் சரி. என்னை உறுத்துவது, அந்த இடத்தில் “இது நம் வேலையின் குறை இல்லை, லைன் வோல்டேஜின் குறை” என்று ஒரு பயிற்றுநரின் குரலில், கொஞ்சமும் தயங்காமல், விளக்கம் சொல்லியிருப்பதுதான். வகுப்பில் ஒரு மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் காயிலை அவிழ்த்து எண்ணச் சொல்லியிருப்பேன்.

சேனல் தொடங்க ஊக்கம் எங்கிருந்து வந்தது, எப்படி விடாமல் நடத்துகிறீர்கள் என்று பழைய மாணவர்கள் கேட்பதுண்டு. முதல் காணொளி நன்றாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், 2005-இல் யூடியூபில் ஏறிய முதல் காணொளியே 19 விநாடிதான், ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு அன்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள் என்பேன். பொய்யில்லை. ஆனால் நான் தொடங்கியது 2021 ஊரடங்கில், செய்முறை வகுப்பு நடக்காததால், இருபது பையன்களுக்காக. அவர்கள் தேர்ச்சி பெற்றுப் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு என்னை இழுத்துச் சென்றது விளம்பர வருமானம் பெற யூடியூப் கேட்ட எண்ணிக்கைதான் என்று நெடுநாள் நம்பினேன்: 1,000 சந்தாதாரர், ஓராண்டுக்குள் 4,000 மணிநேரப் பார்வை. அந்த மணிநேரத்தில் பாதிக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தது இதே காணொளி. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் தாங்கிய கடிதம் தபாலில் வந்தபோது வீட்டில் அதைப் பூஜை அலமாரியில் வைத்தார்கள். எனக்கு வந்தது மகிழ்ச்சிதான், ஆனால் அடுத்த வாரம் கேமராவை எடுக்கக் கை வரவில்லை. நான்கு வாரம் எதுவும் போடவில்லை.

வயர் கடை வாசலில் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்ன கணத்தில், வெட்கத்துக்கு முன்னால் எனக்குள் எழுந்தது வேறொன்று. இவர் பார்க்கிறார், அதுவும் ஒன்பதாவது நிமிடம் வரை பார்த்திருக்கிறார் என்ற பூரிப்பு. இத்தனை ஆண்டும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது கண்டிப்பா, கிண்டலா, அல்லது தொழில்காரர் கண்ணில் தற்செயலாகப் பட்டதை வாய்விட்டுச் சொன்னதா என்று பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததாக ஒரு நாள் நினைவு வருகிறது, இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது.

கணக்குப் போட்ட இரவுக்கு மறுநாள் காலையில் ஸ்டுடியோவைத் திறந்து டிரிம் வசதியில் ஏழு விநாடியை வெட்டினேன். அப்படி வெட்டினால் முகவரி மாறாது, பார்வைக் கணக்கும் கருத்துகளும் அப்படியே இருக்கும். புதிய வடிவம் தயாராகும் வரை பழையதுதான் ஓடும். எனக்கு அன்று சில மணிநேரம் பிடித்தது. வகுப்பு இடைவேளையில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தபோது ‘2’ இன்னும் அங்கேயே இருந்தது. மாலையில் போய்விட்டது. இப்போது அந்தக் காயில் தொடங்கும்போது கவுண்டர் 9-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக வெட்டினேன் என்றால் அதுவும் காரணம்தான். குழப்பத்தைத் தீர்க்க ஒரு வரிக் கருத்தை எழுதி மேலே நிறுத்தியிருக்கலாமே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சேனல் இல்லாதிருந்தால் போன் சரிந்திருக்காது, கவுண்டர் தவறியிருக்காது. சேனல் இல்லாதிருந்தால் பிழை என் கண்ணுக்குத் தெரியவும் வழியில்லை. எதை எதன் கணக்கில் எழுதுவது என்று புரியவில்லை.

விவசாயிக்கு இன்னும் சொல்லவில்லை. அவிழ்த்துக் கட்டித் தர வேண்டுமானால் இரண்டு நாள் வேலையும் கம்பிச் செலவும் என்னுடையது, அது பெரிதில்லை. நன்றாக ஓடும் மோட்டாரைக் கழற்றச் சொல்லி, கோடையில் இரண்டு நாள் அரளிக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்வதற்குத்தான் தயங்குகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மழைக்காலமும் ஒன்று வந்து போனது.

இந்த மாதம் ஒரு காணொளி எடுத்தேன், உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான். பதினோரு நிமிடம். போட்டுப் பார்த்தால், ‘ஒரு காயிலில் சுற்று குறைந்தால் என்ன ஆகும்’ என்று கரும்பலகையில் கணக்கோடு அருமையாக விளக்கியிருக்கிறேன். அந்தக் காயில் யாருடையது, யார் சுற்றியது என்பது எங்கும் வரவில்லை. நல்ல காணொளி, நிறையப் பேர் பார்ப்பார்கள். பதிவேற்றி, வேறு யாரும் பார்க்க முடியாதபடி ‘தனிப்பட்டது’ என்ற நிலையில் வைத்திருக்கிறேன்.