கையில் 24 வோல்ட், கட்டிலுக்கடியில் 230

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் மருத்துவ உபகரணப் பராமரிப்புப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், மின்கட்டில் ரிமோட்டைக் காட்டி நோயாளர் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இதைப் பிடிச்சால் கரண்ட் அடிக்காதோ?" சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் கட்டிலுக்கடியிலுள்ள பெட்டியோடு நின்றுவிடும் என்றும், கைக்கு வருவது 24 வோல்ட் நேரோட்டம் மட்டுமே என்றும் விளக்குவேன். வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த ஒரு முதிய அம்மா மட்டும் நம்பவில்லை. லேஞ்சியால் சுற்றிப் பிடித்தே பொத்தானை அழுத்துவார்.

ஒரு மாலை அவர் நீரிழப்புக்குக் குடிக்கும் ஜீவனிக் கரைசல் ரிமோட்டின் மேல் கொட்டியது. உறை வெடித்திருந்த மூலையால் உள்ளே இறங்கிய உப்புநீர் தொடுமுனைகளை இணைத்துவிட, எவரும் அழுத்தாமலே கட்டிலின் தலைப்பக்கம் உயரத் தொடங்கியது. தாதி ஓடிச் சென்று சுவர் பிளக்கைக் கழற்றினார், கட்டில் நிற்கவில்லை. மின்வெட்டுக்கென்று வைத்த பற்றரி உள்ளே இருந்தது. கால்மாட்டுப் பலகையின் பூட்டுப் பொத்தானை அழுத்திய பின்னரே அது அடங்கியது. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் வயிற்றில் தையலோடு படுத்திருப்பவரை மடக்குவதற்கு 24 வோல்ட் தாராளமாகப் போதும் என்பதை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

ரிமோட்டை மாற்றக் குனிந்தபோதுதான் அதைவிட மோசமானதைக் கண்டேன். ஏறியிறங்கும் சட்டத்துக்கிடையில் சிக்கிச் சிக்கிப் பிரதான வயரின் மேலுறை உரிந்து, பச்சை மஞ்சள் எர்த் வயர் வெளியே தெரிந்தது. அது அறுந்தால், சட்டத்துக்குக் கசியும் மின் நோயாளரின் உடல் வழியாகவே நிலத்தைத் தேடும். "ட்ரிப் சுவிச் இருக்குத்தானே" என்றார் கட்டடப் பகுதி எலக்ட்ரீசியன். வழக்கமான ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியரில் விழுவது, மருத்துவ மின் உபகரணங்களுக்கான ஐ.ஈ.சி. 60601-1 சர்வதேசத் தரமோ, சாதாரண நிலையில் தொடுகைக் கசிவுக்கு, அதாவது தொடுபவரின் உடல் வழியே போகக்கூடிய மின்னுக்கு, 0.1 மில்லி அம்பியரையே எல்லையாக வைக்கிறது. முந்நூறு மடங்கு வித்தியாசம். கட்டிலை விலக்கி வைத்து, வயரை மாற்றி, எர்த் தடை 0.2 ஓமுக்குள் வந்த பிறகே வார்டுக்குத் திருப்பி அனுப்பினேன்.

புதிய ரிமோட்டையும் அந்த அம்மா லேஞ்சியால்தான் பிடித்தார். இம்முறை நான் விளக்கம் சொல்லவில்லை. பூட்டுப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருடைய மகளுக்குக் காட்டினேன்.