99 ஏ.பி.ஓ.வுக்குப் போன கடிதங்கள்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1971இல் நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் போகும் கடிதமெல்லாம் என் கையெழுத்துதான். எங்கள் ஊர் வடஆற்காடு மாவட்டம், கணியம்பாடிப் பக்கம். தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருப்பார்கள்.

அப்பாவின் 15 வருஷ சர்வீஸ் அந்த நவம்பரோடு முடிய வேண்டியது. சண்டை வரும்போல இருந்ததால் டிஸ்சார்ஜை நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி கேட்டதும், மகன் வந்துவிடுவான் என்று ஆயா வாசலில் கற்பூரம் ஏற்றினாள். ஆனால் அதற்கப்புறம்தான் நிஜமான காத்திருப்பு.

நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 99 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபாலாபீஸ் நம்பர். இவ்வளவுதான் விலாசம். எங்கே இருக்கிறார் என்று அவரும் எழுத மாட்டார். இன்லேண்டு லெட்டரில் அப்போது அகதிகள் நிவாரணத்துக்காக 5 பைசா ஸ்டாம்பு கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்பதால் ஆயா விபூதியைத் தாளின் மூலையில் அழுத்தித் தேய்த்துவிடுவாள். அந்த இடத்தில் மை பிடிக்காது, சுற்றி எழுதுவேன்.

ஆயா படுத்த படுக்கையானதை எழுதப் போனேன். "வேணாம், அங்க இருந்துகினு அவர் என்ன செய்வார்?" என்று அம்மா தடுத்துவிட்டாள். அப்பாவும் அப்படித்தான். பிப்ரவரியில் வந்த கடிதத்தை நான் பிரித்ததுமே அம்மா எட்டிப் பார்த்து, "இது உங்கப்பா எழுத்து இல்ல" என்றாள். எழுத்தே தெரியாதவள்! அவர் எழுத்து வலப்பக்கம் சாயும், இது நிமிர்ந்து நிற்கிறது என்றாள். காய்ச்சலில் கை நடுங்கியதால் கூட இருந்தவர் எழுதிக் கொடுத்தாராம். அடுத்த கடிதத்தில்தான் அப்பா ஒப்புக்கொண்டார்.

நடுவில் ஒரு சிக்கல். கல்யாணமானபோது அப்பா அம்மாவின் பெயரை வீட்டில் கூப்பிடுவதுபோலவே பட்டாளத்தில் பதிந்திருந்தார். ரேஷன் கார்டில் வேறு பெயர். பென்ஷன் பேப்பருக்கு முன் அது சரியாக வேண்டும் என்று எழுதினார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஊர்க் கணக்கு பார்க்கும் கர்ணத்திடம் எழுதி வாங்கி, தாசில்தார் முத்திரையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பட்டாளத்தில் ஆள் இருக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மார்ச்சில் நம் படை வங்கதேசத்திலிருந்து திரும்பியது. மே மாதம் வெலிங்டன் ரெஜிமென்ட் சென்டரிலிருந்து ஒரு கார்டு வந்தது. சாமான்களை ஒப்படைத்துவிட்டாராம், டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்ததும் ரயிலேறுவாராம். கடைசியில், "இனி இந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம்."

அந்த வரியை மட்டும் அம்மா நாலு தடவை படிக்கச் சொன்னாள்.