டோனெபெசில் எவ்வளவு உதவும்?

மறதி நோய்க்கு டாக்டர் டோனெபெசில் எழுதித் தந்ததும் வீட்டார் கேட்பது, "இனி பழையபடி ஆகிவிடுவாரா?" ஆகமாட்டார். அல்சைமரில் குறைந்துபோகும் அசிட்டைல்கோலின் (நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ரசாயனம்) சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மாத்திரையின் வேலை. நரம்பணுக்கள் அழிவதை அது நிறுத்தாது. ஆறு மாத ஆய்வுகளில், நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும் 70 புள்ளி அடாஸ்-காக் தேர்வில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடச் சராசரியாக 3 புள்ளிக்கும் சற்றுக் குறைவான முன்னேற்றம்தான் தெரிந்தது. சிலருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. அதனால், தொடங்கும் முன்பே அன்றாட வேலைகள் இரண்டு மூன்றை (தானாக உடுத்துவது, போனில் பேசுவது) எழுதி வைத்து, சில மாதம் கழித்து ஒப்பிடுங்கள்.

இரவில் 5 மி.கி.யில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்தே 10க்குப் போவார்கள். அவசரப்பட்டால் வாந்தி, பேதி, பசியின்மை. கெட்ட கனவு வந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுவதும் உண்டு. ஏற்கெனவே அட்டெனலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இசிஜி பார்த்துத் தொடங்குவது நல்லது.

அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று: டோனெபெசிலால் சிறுநீர் அவசரம் கூடும், அதற்கு இன்னொருவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். முதல் மருந்து தூக்கிவிடும் அசிட்டைல்கோலினின் வேலையை இரண்டாவது தடுக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

டோனெபெசிலுக்குப் பதில் அதே வகை மருந்தான ரிவாஸ்டிக்மைன் பேட்ச் (தோலில் ஒட்டுவது) என்றால், பழையதை உரித்த பிறகே புதியது. முதுகில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் மருந்து அளவு மீறி ஆபத்தாகும். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 4.6 மி.கி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த வகை டிமென்ஷியா (மறதி நோய்) என்பதும் முக்கியம். லூயி பாடி வகையில் இம்மருந்துகள் நன்றாகவே உதவும். ஆனால் அந்த வகை நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஃப்ரன்டோடெம்போரல் வகையில் டோனெபெசிலால் பயனில்லை.

2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற அல்சைமர் மருந்து பற்றிய பரபரப்பு எனக்கு மிகையாகவே படுகிறது: ஆரம்பநிலை அல்சைமரில், 18 மாத ஆய்வின் முடிவில், நினைவையும் அன்றாடத் திறனையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் போலி மருந்தைவிட 0.45 புள்ளிதான் வித்தியாசம். மூளையில் வீக்கம், கசிவு வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்தபடியே இருக்க வேண்டும்.

"பலனே இல்லை" என்று டோனெபெசிலைத் திடீரென நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்து, அடுத்த சில வாரம் கவனியுங்கள். சட்டென்று மோசமானால் உடனே சொல்லுங்கள், மறுபடி தொடங்கலாம்.