கிரியேட்டினினை மட்டும் நம்பியிருந்தேன்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. வருடந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.1, 1.2 என்று இயல்பு வரம்புக்குள்ளேயே வரும். அதனால் சிறுநீரகத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. 52 வயதில் புதிதாகப் பார்த்த மருத்துவர் பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, "சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்ததே இல்லையா?" என்று கேட்டார். யாரும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் எழுந்ததும் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். சோதனை அவ்வளவுதான். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 140 மில்லிகிராம் அல்புமின் என்று வந்தது. 30-க்குள் இருக்க வேண்டியது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இவற்றாலும் கூடலாம் என்று மறுபடி எடுக்கச் சொன்னார். 122. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் 72, சற்றுக் குறைவு. "சல்லடை கசியத் தொடங்கியிருக்கிறது. கிரியேட்டினின் வரம்பைத் தாண்டும்வரை காத்திருந்தால் பாதித் திறன்கூடப் போயிருக்கும்" என்றார். எனக்கு வீக்கமும் இல்லை, வலியும் இல்லை.

லோசார்டன் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சேர்த்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிரியேட்டினின் 1.4! மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பயந்து, அன்றிரவு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மருத்துவர் விளக்கினார்: இந்த மருந்து வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணிப்பதால் தொடக்கத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும், ஏற்றம் 30 சதவீதத்துக்குள் இருந்து, இரத்தத்தில் பொட்டாசியமும் சரியாக இருந்தால் தொடரலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இது தெரியாமல் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

முழங்கால் வலிக்கு நானாக வாங்கி விழுங்கிய டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நிறுத்தச் சொன்னார். நல்லதென்று நினைத்துச் சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருந்தேன். அதில் பொட்டாசியம் இருக்கிறது, லோசார்டனோடு சேர்ந்தால் இரத்தத்தில் அது கூடி ஆபத்தாகலாம் என்று அதையும் விலக்கினார். சாதாரண உப்பையே நாளுக்கு 5 கிராமுக்குள் கொண்டுவந்தேன். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆயின.

மூன்று மாதம் கழித்து அல்புமின் 64, கிரியேட்டினின் 1.3. அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன்.

தம்பிக்கும் இரத்த அழுத்தம் உண்டு. நேற்று அவனையும் சிறுநீர் கொடுக்க வைத்தேன். முடிவு நாளை வரும்.