வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் நடந்துவிடுங்கள்

டவுனில் வேலை, கிராமத்தில் வீடு, நடுவில் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உடற்பயிற்சியை வீட்டுக்குப் போனபிறகு என்று வைத்துக்கொள்ளாதீர்கள், வழியிலேயே முடித்துவிடுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் காபி வரும், பிள்ளையின் வீட்டுப்பாடம் வரும், தொட்டிக்கு மோட்டார் போட வேண்டியிருக்கும், பட்டா விஷயமாகப் பேச யாராவது திண்ணையில் காத்திருப்பார்கள். அதெல்லாம் முடிந்து எட்டு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் யாரையும் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. காலையில் செய்யலாமே என்பார்கள். ஏழரைக்குக் காரை எடுக்கிறவனுக்கு அது நடக்கிற காரியமா?

என் பாதை வேலூர் காட்பாடியில் தொடங்குகிறது. பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் நெரிசல், தொரப்பாடி, பாகாயம், அடுக்கம்பாறை என்று ஊர்ந்து, கணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு அமிர்தி பக்கம் திரும்பினால்தான் மூச்சு விடலாம். அதற்குள் வலது முழங்கால் இறுகிப்போயிருக்கும், கிளட்ச் மிதித்து மிதித்து இடது தொடை மரத்திருக்கும். பகல் முழுக்க நாற்காலி, அப்புறம் கார் சீட், அப்புறம் வீட்டு சோபா. சர்க்கரை இல்லாத வீடே அரிதாகிவிட்ட ஊர்ப்பக்கத்தில் இப்படி உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவில் நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நடக்கும்போது கால் தசைகள் இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாலை டீக்கடையில் இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு மறுபடி சீட்டில் போய் உட்காருவதற்கும், தின்றுவிட்டு இருபது நிமிடம் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நான் நிறுத்துவது ஒரு ஏரிக்கரையில். சாலை ஏரியைத் தொட்டுக்கொண்டு வளைகிற இடத்தில், மண் தரை கெட்டியாக இருக்கும் ஓரமாக, வளைவிலிருந்து தள்ளி வண்டியை விட்டுவிட்டு (வளைவிலேயே நிறுத்தினால் பின்னால் வருகிற டவுன் பஸ் நம்மைப் பார்க்காது) கரை மேல் ஏறிவிடுவேன். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கீழே நெல்லும் கரும்பும், எதிரே ஜவ்வாது மலை. மதகு வரை போய்த் திரும்பினால் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. மதகுக்கு இறங்கும் கல் படி நாலைந்துதான், ஆனால் அதில் ஏறி இறங்கினால் தொடை நன்றாகச் சூடேறும். ஒரு காலை மேல்படியில் வைத்து இடுப்பை முன்னால் தள்ளி அரை நிமிடம் நின்றால், சீட்டில் மடங்கிக் கிடந்த இடுப்புத் தசை விடுபடுவது நன்றாகத் தெரியும். மதகுச் சுவரில் கையூன்றிச் சாய்ந்து தண்டால் எடுக்கலாம். தரையில் எடுக்க முடியாதவர்களுக்கு இது சுலபம்.

முதலில் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஆயாவுக்குச் சந்தேகம். "இன்னா தம்பி, வண்டி நின்னுபூச்சா?" என்றார். இல்ல ஆயா, சும்மா நடக்கறேன் என்றேன். "நட, நட. ஆனா பொழுது போனா கோடியாண்ட போவாத, கண்ணாடி விரியன் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். எந்த ஜிம் பயிற்சியாளரும் இந்த மாதிரி உருப்படியான யோசனை எனக்குச் சொன்னதில்லை. கோடி என்றால் ஏரி நிரம்பி வழிகிற இடம், புதர் மண்டியிருக்கும். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது. முன்பெல்லாம் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இறங்கி நடக்கிற ஐந்து நிமிடமும் கணக்குதான்.

இதில் இன்னொரு லாபம், ஓட்டுவதும் நன்றாகிறது. கிராமத்துச் சாலையில் பொழுது மங்குகிற மசங்கல் நேரம்தான் மோசம். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாத கரும்பு டிராக்டர், ஹைபீமை இறக்காத லாரி, நெல்லும் கேழ்வரகும் காயப்போட்டவர்கள் வாரிக்கொண்டு போனபிறகு அங்கேயே விட்டுவிட்டுப் போன காவல் கற்கள். அந்தக் கற்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம் உண்டு, ஒரு பைக் அதில் ஏறினால் என்ன ஆகும்? தயவுசெய்து தானியத்தோடு கல்லையும் எடுத்துவிடுங்கள். அசதியோடு அரைக்கண்ணில் வருகிறவன் இதையெல்லாம் பார்க்கமாட்டான். நடந்துவிட்டு சீட்டில் உட்காரும்போது கண் தெளிவாக இருக்கிறது, புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டை தூரத்திலேயே தெரிகிறது.

காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சித்திரை வைகாசியில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும், ஆறு மணிக்கு முன்னால் கரையில் கால் வைக்க முடியாது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் நடக்கவே கூடாது. ஆடியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், கரையும் மழையில் வழுக்கும். அந்த மாதங்களில் நான் கிளம்புகிற வழியிலேயே வேலூர் கோட்டைக்குப் போய்விடுகிறேன். 133 ஏக்கர் கோட்டை, அகழி ஓரமாகவும் உள்ளேயும் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, நடந்து முடிப்பதற்குள் சாலை நெரிசலும் பாதி குறைந்திருக்கும்.

குடியாத்தம், ஒடுகத்தூர், பொன்னை என்று எந்தப் பக்கம் போகிறவராக இருந்தாலும் வழியில் ஒரு ஏரிக்கரையோ பள்ளிக்கூட மைதானமோ இல்லாமல் இருக்காது. பெண்கள் தனியாக ஏரிக்கரையில் நிறுத்த வேண்டாம், ஆள் நடமாட்டமுள்ள மைதானமோ கோயில் வெளிப்பிராகாரமோ போதும். டிக்கியில் ஒரு ஜோடி ஷூவும் டார்ச்சும் நிரந்தரமாகக் கிடக்கட்டும். அரை மணி தாமதமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நடக்கும்போது போன் அடித்துக்கொண்டே இருக்கும்.