தலைகீழாக ஓடும் கிடார்

அறுபதுகளின் அமெரிக்க சைக்கெடெலிக் (கனவு மயக்கம் போன்ற ஒலிகள் கொண்ட ராக்) பாடல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன். கொஞ்ச நாளாக ஒரே பாட்டில் நிற்கிறேன். தி எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் குழுவின் 'ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம் லாஸ்ட் நைட்'. 1966 கடைசியில் வெளியாகி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 11-ஆம் இடம் வரை ஏறிய பாட்டு. எழுதியவர்கள் ஆனெட் டக்கர், நான்சி மான்ட்ஸ் என்ற இரு பெண்கள். அதன்பின் மெல்ல மறக்கப்பட்டது. 1972-இல் லென்னி கே 'நக்கெட்ஸ்' என்ற அறுபதுகளின் பாடல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இதைத்தான் முதல் பாட்டாக வைத்தார். நானும் அந்தத் தொகுப்பு வழியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது ஆரம்பச் சத்தம். ஒரு பெரிய வண்டு தூரத்திலிருந்து காதை நோக்கிப் பறந்து வருவதுபோல இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிப்பதிவு நடந்தபோது, ஒரு பக்கம் முடிந்த டேப்பைத் திருப்பிப் போட்டு அதிலேயே மறுபடியும் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படித் திருப்பியபோது, கிடார் கலைஞர் கென் வில்லியம்ஸ் முன்பு பிக்ஸ்பி கம்பியை (ஆட்டினால் சுருதி ஏறி இறங்கும்படி கிடாரில் பொருத்திய கைப்பிடி) ஆட்டி வாசித்திருந்த துண்டு, பின்னோக்கி, பெருஞ்சத்தமாக ஸ்டூடியோவில் ஒலித்தது. அதை வெட்டி எடுத்து வைக்கச் சொன்னவர் பாடகர் ஜேம்ஸ் லோ. என்ன காது அந்த மனிதருக்கு!

சரி, வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் கிடாரில் பிக்ஸ்பி கிடையாது. அதே வேலையைச் செய்யும் சாதாரண ட்ரெமலோ கம்பிதான். ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு, இ கார்டை (E chord) ஒரே தட்டு தட்டி, சத்தம் அடங்கும்வரை கம்பியை ஆட்டினேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ரிவர்ஸ் செய்தால், மெல்ல எழும்பி வந்து 'டக்'கென்று நின்றது. தட்டிய கணம் கடைசிக்குப் போய்விடுகிறது, அடங்கும் வால் முன்னால் வந்துவிடுகிறது. ஆனால் வால் மெலிந்து போயிருந்ததால் அதில் இருந்த ஆட்டம் கேட்கவே இல்லை. ஃபஸ்ஸை நன்றாக ஏற்றினேன். அது சிறிய சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் வால் தடித்தது, நடுக்கம் முழுசாகக் காதில் விழுந்தது.

அப்புறம் வரிசையை மாற்றிப் பார்த்தேன். ஃபஸ்ஸை ரிவர்ஸுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் லேப்டாப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எக்கோ அப்படியில்லை. ரிவர்ஸுக்குப் பிறகு போட்டால் வழக்கம்போல சத்தத்துக்குப் பின்னால் எதிரொலி கேட்கும். முன்பே போட்டுவிட்டுத் திருப்பினால், சத்தத்துக்கு முன்னாலேயே எதிரொலி வந்துவிடுகிறது! முதல் முறை ஹெட்போனில் அதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அசல் பாட்டில் இது இல்லை என்றாலும், தனியாக ஒரு கோப்பில் எடுத்து வைத்திருக்கிறேன்.

கம்பியை ஆட்டும் வேகம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. வில்லியம்ஸின் நடுக்கம் சீராக, அடர்த்தியாக இருக்கிறது. அதில் ட்ரெமலோ எஃபெக்டும் (கம்பி அல்ல, சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மின் எஃபெக்ட்) கலந்திருக்கிறது. என்னுடையது நடுநடுவே தளர்ந்துவிடுகிறது. அடுத்த முறை நானும் ட்ரெமலோ எஃபெக்டைச் சேர்த்து, கையால் ஆட்டுவதைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன். அது சரியாக வந்தால், 'டக்'கென்று நிற்கும் இடத்தில் டிரம்ஸைச் சேர்ப்பது அடுத்த வேலை.